அடுத்த ஜிஞ்சர் பியருக்கு என்ன போடலாம்: நன்னாரியா, மாம்பழமா, வேப்பம்பூவா, குரக்கனா?

இணுவிலான் கேட்டது:

வணக்கம் எல்லோருக்கும். வீட்டில் மூன்று தடவை ஜிஞ்சர் பியர் போட்டுவிட்டேன். நாலாவதற்கு என்ன போடுவது என்று இரண்டு கிழமையாக யோசிக்கிறேன், வீட்டில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள், அதுதான் இங்கே கேட்கிறேன். நடந்ததை முழுதாகச் சொன்னால்தான் உங்களுக்கும் விளங்கும், கொஞ்சம் பொறுத்து வாசியுங்கள்.

முதல் தடவை தை மாதம். இஞ்சியைத் தோலோடு துருவி, கொதித்து ஆறிய தண்ணீரும் சீனியும் விட்டு, ஒவ்வொரு நாளும் ஒரு கரண்டி இஞ்சி ஒரு கரண்டி சீனி என்று போட்டு வந்தால் மூன்றாம் நாள் நுரைக்கத் தொடங்கும். தயிருக்கு உறை போடுவது போலத்தான், நானும் அதை உறை என்றே சொல்கிறேன். அந்த உறையை வைத்து 4 லீற்றர், 350 கிராம் வெள்ளைச் சீனி, இரண்டு தேசிக்காய். அருமையாக வந்தது. மூக்கில் ஏறுகிற வாயு, தொண்டையில் நிற்கிற காரம், கடைப் போத்தலில் அது கிடைக்காது. அப்பா இரண்டு கிளாஸ் குடித்துவிட்டு இன்னும் இருக்கிறதா என்று கேட்டார்.

இரண்டாம் தடவை மாசியில், சீனிக்குப் பதிலாக முழுக்கப் பனங்கட்டி. பனையோலைக் குட்டானோடு வாங்கிய நல்ல பனங்கட்டிதான். நாலு நாளாக ஒரு குமிழி கூட இல்லை. அடியில் வெள்ளையாக ஏதோ படிந்தது. ஆறாம் நாள் ஒரு மாதிரி ஊத்தை மணம் வர, முழுதையும் கொண்டுபோய் வளவுக்குள் ஊற்றிவிட்டேன். ஏன் என்று இன்றுவரை தெரியாது. எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது, ஏனென்றால் பனங்கட்டிச் சுவையில்தான் இதைச் செய்ய வேண்டும் என்று ஆசைப்பட்டே இந்த வேலையைத் தொடங்கினேன்.

மூன்றாம் தடவை சித்திரை. திரும்பவும் வெள்ளைச் சீனி, இந்த முறை கண்ணாடிப் போத்தல். நல்ல வெயில் காலம், குசினி மூலையில் மூன்று நாள் வைத்திருந்தேன். இரவு இரண்டு மணிக்கு ஒரு போத்தல் வெடித்தது, அந்த அதிர்ச்சியில் பக்கத்துப் போத்தலும் போனது. ஆள் யாரும் அங்கே இல்லாதது கடவுள் செயல். சுவரில் கண்ணாடித் துண்டு ஏறி நின்றது. அதோடு அம்மா, இனி வீட்டுக்குள் கண்ணாடிப் போத்தல் கூடாது என்று சொல்லிவிட்டா. அவ சொன்னது சரி.

இப்போது வைகாசி. அக்கா குடும்பம் நோர்வேயிலிருந்து நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறார்கள். 25 நாளும் வீட்டில் சைவம், அம்மா விரதம், அதனால் வெறிக்கிற சாமான் எதுவும் இருக்கக் கூடாது. சின்னப் பிள்ளைகளும் குடிப்பார்கள். மனதில் இருப்பவை நாலு: நன்னாரி வேர், கறுத்தக் கொழும்பான் மாம்பழம், வேப்பம்பூவைப் போட்டு உண்மையான பியர் போலக் கொஞ்சம் கசப்பாக ஒன்று, இல்லாவிட்டால் குரக்கனை முளைக்க வைத்து ஏதாவது. தண்ணீர் எங்கள் கிணற்றுத் தண்ணீர். அளவு பார்க்கிற கருவி எதுவும் இல்லை. எதைச் செய்வீர்கள்? ஏன்?


பனையடி எழுதியது:

தம்பி, நாலையும் பிறகு பார்ப்போம், முதலில் உங்கள் பனங்கட்டிக் கதை. அது உங்கள் பிழை இல்லை. நான் வடமராட்சி, எங்கள் வீட்டில் மூன்று தலைமுறை பனை சீவுகிற தொழில், அதனால் இதை மட்டும் துணிந்து சொல்வேன்.

பாளையிலிருந்து வடிகிற சாறு ஒன்றுதான். முட்டிக்குள் சுண்ணாம்பு பூசிக் கட்டினால் கருப்பணி, பூசாமல் கட்டினால் கள்ளு. சுண்ணாம்பு என்ன செய்கிறது? சாற்றைப் புளிக்க விடாமல் காரத்தன்மையாக வைத்திருக்கிறது. அந்தக் கருப்பணியைக் காய்ச்சித்தான் பனங்கட்டி. காய்ச்சும்போது சுண்ணாம்பை எவ்வளவு தெளிய வைத்தாலும் கொஞ்சம் மிஞ்சும், சில இடத்துப் பனங்கட்டியில் நாக்கில் வைத்தாலே தெரியும். உங்கள் அடியில் படிந்த வெள்ளை அதுதான். நீங்கள் புளிக்க வேண்டிய சாமானுக்குள் புளிப்பை அடக்குகிற சாமானை நிறையப் போட்டிருக்கிறீர்கள். உறை எழும்ப முடியாமல் கிடந்திருக்கும், அந்த இடைவெளியில் வேறு கிருமி இடம் பிடித்திருக்கும், மணம் அதனால்தான்.

ஆனால் பனங்கட்டியை விடாதீர்கள். மொத்த இனிப்பில் கால் பங்கு மட்டும் பனங்கட்டி, அதைத் தனியாகத் தண்ணீரில் கரைத்துக் கொதிக்க வைத்து ஒரு இரவு தெளிய விட்டு, அடி கலங்காமல் மேல் தண்ணீரை மட்டும் இறுத்து எடுங்கள். தேசிக்காயை இரட்டிப்பாக்குங்கள். மணமும் நிறமும் வந்துவிடும்.

இன்னொன்று, எங்கள் ஆச்சி அப்பத்துக்கு மா புளிக்க வைக்கக் கள்ளுத்தான் விடுவா. உங்கள் இஞ்சி உறை சோம்பலாக இருந்தால் காலைக் கள்ளு ஒரு மேசைக்கரண்டி போதும், இரண்டு மணித்தியாலத்தில் பொங்கும். ஆனால் விரத வீடு என்கிறீர்கள், அதனால் அம்மாவிடம் கேட்காமல் செய்ய வேண்டாம். மணமும் கொஞ்சம் கள்ளு மணமாகத்தான் போகும், அது எனக்குப் பிடிக்கும், எல்லாருக்கும் பிடிக்காது.

குரக்கனை முளைக்க வைத்துக் காய்ச்சிப் புளிக்க வைத்தால் அது பியரேதான், சந்தேகமில்லை. இலங்கையில் அனுமதிப்பத்திரம் இல்லாமல் மதுபானம் செய்வது மதுவரிச் சட்டப்படி குற்றம், 1912ஆம் ஆண்டிலிருந்து இருக்கிற சட்டம். அந்தப் பக்கம் போகாதீர்கள்.


வேலணைப் பிள்ளை எழுதியது:

மாம்பழம் மட்டும் வேண்டாம். போன வருடம் நான் செய்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன். கறுத்தக் கொழும்பானில் இருக்கிற இனிப்பை எல்லாம் உறை தின்றுவிடும், மிஞ்சுவது புளிப்பும், மாங்காய்ப் பால் மணம் போல ஒன்றும்தான். கடைசியில் சாறு விட்டால் சுவை நிற்கும், ஆனால் அந்தச் சாற்றுச் சீனியில் திரும்பவும் புளிக்கத் தொடங்கி மூடி தெறிக்கும். அந்தப் பழத்தை வெட்டித் தட்டில் வைத்து ஜிஞ்சர் பியரைப் பக்கத்தில் வையுங்கள், அதுதான் இரண்டுக்கும் மரியாதை.

வேப்பம்பூ என்றால் நான் வாக்களிப்பேன். ஆனால் பங்குனியில் விழுந்த பூவைக் கூட்டிக் காயவைத்து வைத்திருக்கிறீர்களா? இப்போது மரத்தில் இராது. வடகத்துக்கு வைத்தது இருந்தால் ஒரு பிடி எடுத்து வெறும் சட்டியில் மணம் வரும்வரை வறுத்து, கொதிநீரில் ஐந்து நிமிடம் ஊறவைத்து வடித்துத் தனிப் போத்தலில் வையுங்கள். புளிக்கும்போது உள்ளே போட வேண்டாம், வேம்பு உறையையே அடக்கினாலும் அடக்கும். கிளாசில் ஊற்றும்போது ஆளாளுக்கு ஒரு தேக்கரண்டி. பிள்ளைகளுக்கு விடாமல் பெரியவர்களுக்கு மட்டும் விடலாம்.


கிணற்றடி ரீச்சர் எழுதியது:

பனையடி சொன்னதோடு இன்னொரு காரணமும் இருக்கிறது, அது உங்கள் கிணறு. நான் முப்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவள், அதனால் கொஞ்சம் வகுப்பு எடுப்பேன், மன்னிக்கவும்.

யாழ்ப்பாணக் குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக் கல்லுக்கு மேலே இருக்கிறது. மழைத்தண்ணீர் அதனூடாக இறங்கிப் போய்க் கிணற்றுக்கு வரும்போது கல்சியமும் இருகாபனேற்றும் கரைந்துதான் வருகிறது. கேத்திலின் அடியில் வெள்ளைப் படை கட்டுகிறதே, அதுதான். இந்தத் தண்ணீர் நீங்கள் விடுகிற தேசிக்காய்ப் புளியின் ஒரு பங்கைத் தானே தின்றுவிடும். சீனியோடு செய்தபோது இது சமாளித்துக்கொண்டது, பனங்கட்டிச் சுண்ணாம்பும் சேர்ந்தபோது சமாளிக்க முடியவில்லை. தண்ணீரை முதல் நாளே பத்து நிமிடம் நன்றாகக் கொதிக்க வைத்து ஆறவிட்டு, அடியில் படிந்ததை விட்டு மேலே உள்ளதை மட்டும் எடுங்கள். கொதிக்கும்போது இருகாபனேற்றின் பெரும்பகுதி காபனேற்றாக மாறிப் படிந்துவிடும். ஆனால் ஒன்று, தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிற கிணறு என்றால் பசளை மூலம் வருகிற நைத்திரேற்று கொதிக்க வைத்தாலும் போகாது. சின்னப் பிள்ளைகளுக்கு என்றால் குடிக்க நல்லது என்று தெரிந்த கிணற்றுத் தண்ணீரையே எடுங்கள்.

போத்தல் வெடித்த கணக்கைப் பாருங்கள். ஒரு லீற்றர் பானத்தில் 4 கிராம் சீனி புளித்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் காபனீரொட்சைட்டு வரும். நல்ல வாயுவுள்ள சோடாவுக்கு மூன்று, மூன்றரை லீற்றர் வாயு போதும், அதாவது 12 முதல் 14 கிராம் சீனி. நீங்கள் போட்டது லீற்றருக்கு 80 கிராமுக்கு மேல். மூடி இறுக்கிய பிறகு அது முழுக்கப் புளித்தால் இருபது லீற்றர் வாயு ஒரு லீற்றர் போத்தலுக்குள். எந்தக் கண்ணாடி தாங்கும்? தையில் இரவுகள் குளிராக இருந்ததால் மெதுவாகப் போனது, சித்திரையில் ஒரே மூச்சில் போனது. சமையல் குறிப்பு ஒன்றுதான், மாறியது வெப்பநிலையும் போத்தலும்.

மதுசாரமும் இதே கணக்குத்தான். லீற்றருக்கு 17 கிராம் சீனி முழுதாகப் புளித்தால் சுமார் 1 வீதம். ஆகவே 12 கிராம் மட்டும் புளித்ததும் பிரிட்ஜில் வைத்தால் முக்கால் வீதத்துக்குள் நிற்கும், இரண்டு நாள் மறந்துபோனால் 3, 4 வீதத்துக்குப் போகும். விரத வீட்டுக்கும் பிள்ளைகளுக்கும் கொடுப்பதென்றால் இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டுதான் கொடுக்க வேண்டும், கண்மதிப்பில் கொடுக்கக் கூடாது. அம்மாவுக்கும் இதைச் சொல்லிவிடுங்கள், குடிப்பதா இல்லையா என்பது அவவின் முடிவு.

கருவி இல்லை என்கிறீர்கள். பால் சேகரிக்கிற இடத்தில் பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்கிற லக்டோமீட்டர் இருக்கும். அது 15 முதல் 40 வரை காட்டும், 31 என்றால் அடர்த்தி 1.031. லீற்றருக்கு 80 கிராம் சீனி கரைத்தால் கிட்டத்தட்ட அந்த 31தான் வரும், உங்களுக்கென்றே அளவெடுத்துச் செய்தது போல. வாயுவைக் கலக்கி வெளியேற்றிவிட்டுப் பாருங்கள், குமிழி ஒட்டினால் கருவியைத் தூக்கிப் பிழை காட்டும். தொடக்கத்திலிருந்து ஒவ்வொரு எண் குறைய ஏறத்தாழ 0.13 வீதம் மதுசாரம் என்று வையுங்கள். நாலு குறைந்தால் அரை வீதம்.

எனக்குப் பிடித்த ஒரு விடயத்தையும் சொல்லிவிட்டுப் போகிறேன். இங்கிலாந்தில் அந்தக் காலத்து ஜிஞ்சர் பியரை வீடு வீடாகக் கைமாறுகிற ஜெலி போன்ற ஒரு கட்டியை வைத்துத்தான் செய்தார்கள், ஜிஞ்சர் பியர்ச் செடி என்று அதற்குப் பெயர். அது செடியே இல்லை, ஒரு மதுவமும் (ஈஸ்ட்) ஒரு பற்றீரியாவும் ஒன்றையொன்று தாங்கி வாழ்கிற கூட்டு என்று 1892இல் எழுதிக் காட்டியவர் ஹரி மார்ஷல் வார்ட். அதே மனிதர்தான் 1880 முதல் 1882 வரை இலங்கையில் இருந்து, கோப்பித் தோட்டங்களை அழித்த இலைத்துரு நோயை ஆராய்ந்தவர். கோப்பி இலையில் பூஞ்சணம் தேடியவர் பிறகு ஜிஞ்சர் பியருக்குள் போய் மதுவம் தேடியிருக்கிறார். வகுப்பில் இதைச் சொன்னால் பின்வாங்கில் இருக்கிற பிள்ளையும் நிமிர்ந்து பார்க்கும்.

உங்கள் கேள்விக்கு என் பதில்: நன்னாரி. ஆனால் வேரைப் போட்டுக் கொதிக்க வைக்காதீர்கள், அந்த வனிலா போன்ற மணம் ஆவியோடு போய்விடும். அடுப்பை நிறுத்திய பிறகு போட்டு மூடி, ஆறும்வரை ஊறவிடுங்கள்.


பேர்கன் மழை எழுதியது:

நான் ஊர் கோண்டாவில், இப்போது நோர்வேயின் மேற்குக் கரை. இங்கே சொந்தப் பாவனைக்கு வீட்டில் பியர் காய்ச்சுவது சட்டப்படி சரி, வடிப்பதுதான் தடை. ஏழு வருடமாகக் காய்ச்சுகிறேன். தம்பியின் கேள்வியைப் பார்த்ததும் எனக்கும் அடுத்தது என்ன என்ற கேள்வி வந்துவிட்டது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

உங்கள் நாலு பட்டியலிலும் இல்லாத ஒன்றைச் சொல்லட்டுமா? ஜேர்மனியில் கோசே என்று ஒரு பியர் இருக்கிறது, கோஸ்லார் என்ற ஊரில் தொடங்கி லைப்சிக் நகரத்தில் பேர் எடுத்தது. கோதுமைப் பியர், அதில் தயிர்ப் புளிப்பு, கொத்தமல்லி விதை, உப்பு. முதல் தடவை குடித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது எங்கள் வீட்டு மோர். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தச் சுவையின் எலும்பு ஒன்றுதான்: புளிப்பு, உப்பு, மல்லி, குளிர்மை. வெயிலில் வேலை செய்துவிட்டு வருகிற உடம்பு கேட்கிற சுவை. அதையே மதுசாரம் இல்லாத அளவில் ஜிஞ்சர் பியராகச் செய்தால் யாழ்ப்பாணத்து ஆடி மாதத்துக்கு அதைவிடப் பொருத்தமாக ஒன்றும் எனக்குத் தோன்றவில்லை.

5 லீற்றருக்கு 7 கிராம் மல்லியை லேசாக வறுத்து ஒன்றிரண்டாக இடித்து அடுப்பை நிறுத்தியதும் போடுங்கள். ஆனையிறவு உப்பு ஒரு மட்டத் தேக்கரண்டி, அதற்கு மேல் வேண்டாம். உப்பு நாக்கில் தெரியக் கூடாது, தெரியாமல் இன்னொரு வாய் குடிக்க வைக்க வேண்டும். இஞ்சியைப் பாதி கொதிக்க வைத்தும் பாதி பச்சையாகவும் போடுங்கள். கொதித்த இஞ்சி இளகிப்போகும், பச்சை இஞ்சி குத்தும். சுக்கின் காரம் வேறு மாதிரி, கூடவும் எரிக்கும், பிள்ளைகளுக்கு வேண்டாம்.

உங்கள் அக்கா வரும்போது க்வைக் கொண்டு வரச் சொல்லுங்கள். இந்தப் பக்கத்துப் பண்ணை வீடுகளில் தலைமுறை தலைமுறையாகக் காய வைத்துப் பாதுகாத்து வந்த ஈஸ்ட். பெரும்பாலான பியர் ஈஸ்ட்களுக்கு 20 பாகையைச் சுற்றியோ அதற்குக் கீழோ இருந்தால்தான் சுவை சுத்தமாக வரும், உங்கள் குசினியில் அது முடியாது. வோஸ் என்ற வகை க்வைக் 35 பாகை செல்சியசிலும் கெட்ட சுவை இல்லாமல் வேலை செய்யும், லேசாகத் தோடம்பழத் தோல் மணமும் தரும். குளிர் நாட்டு ஈஸ்ட் யாழ்ப்பாணத்து வெயிலுக்கு ஏற்றது என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான். ஒரு சிட்டிகை போதும். ஆனால் வெறும் சீனித் தண்ணீரில் அதற்குச் சத்துப் போதாது, பாயாசத்துக்குப் போடுகிற பிளம்ஸ் (உலர்ந்த முந்திரிகை) பத்தை நறுக்கிப் போடுங்கள், இல்லாவிட்டால் பாண் ஈஸ்ட் அரைத் தேக்கரண்டியைத் தண்ணீரில் கொதிக்க வைத்து ஊற்றுங்கள், செத்த ஈஸ்ட் உயிருள்ள ஈஸ்டுக்கு நல்ல சாப்பாடு.

பனையடி அண்ணை குரக்கனைப் பற்றிச் சொன்னது சரி, அங்கே வேண்டாம். அதை நான் இங்கே செய்கிறேன். நேபாளம், சிக்கிம் பக்கம் குரக்கனைப் புளிக்க வைத்துச் சுடுநீர் ஊற்றித் தொங்பா என்று குடிக்கிறார்கள், ஆகவே அந்தத் தானியத்துக்கு இது புதிதல்ல. ஊறவைத்து, மூன்று நாள் முளைக்க விட்டு, காயவைத்து, பாதியை அம்மா கூழுக்கு வறுக்கிற பக்குவத்தில் வறுத்து, பாளி மோல்டோடு (முளைக்க வைத்துக் காயவைத்த பார்லி) கலந்து ஒரு கறுப்புப் பியர். என் அடுத்தது அதுதான், இதை எழுதும்போதே முடிவெடுத்துவிட்டேன்.


இணுவிலான்:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. ரீச்சர், ஒரு சந்தேகம். லக்டோமீட்டர் கிடைத்தாலும் மூடிய போத்தலுக்குள் எப்படிப் பார்ப்பது? திறந்தால் வாயு போய்விடுமே.


கிணற்றடி ரீச்சர்:

ஒரு போத்தலைப் பலி கொடுங்கள். எல்லாவற்றையும் பிளாஸ்டிக் சோடாப் போத்தலில் ஒரே நேரத்தில் நிரப்பி ஒரே இடத்தில் வையுங்கள். ஐந்தாறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை அமுக்கிப் பாருங்கள். கடையில் வாங்கிய புதுச் சோடாப் போத்தல் போல இறுகியதும் ஒன்றைத் திறந்து அளவு பாருங்கள். எண் நாலு அல்லது ஐந்து குறைந்திருந்தால் மற்ற எல்லாவற்றையும் உடனே பிரிட்ஜில் வையுங்கள். பிரிட்ஜிலும் மிக மெதுவாகப் புளித்துக்கொண்டுதான் இருக்கும், ஒரு கிழமைக்குள் குடித்து முடியுங்கள். கரண்ட் நீண்ட நேரம் போனால் மூடியைத் தளர்த்தி விடுங்கள்.


பனையடி:

கருவியைக் கழுவாமல் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள் தம்பி. பால்காரருக்குப் பால் புளித்துப் போகும்.


இணுவிலான், பன்னிரண்டு நாள் கழித்து:

செய்துவிட்டேன். பேர்கன் அண்ணை சொன்ன உப்பும் மல்லியும்தான், அதற்குள் பனையடி அண்ணையின் கால் பங்குப் பனங்கட்டி. நன்னாரிக்கு ரீச்சர் வாக்களித்தது தெரியும், ஆனால் மோர் என்ற சொல்லைக் கேட்டதும் அம்மா அதைச் செய் என்று சொல்லிவிட்டா. ரீச்சரின் மதுசாரக் கணக்கையும் அவவிடம் சொன்னேன். இப்போது குடிக்கலாம், விரத நாளில் தனக்கு வேண்டாம், பிள்ளைகளுக்குக் கொடுப்பதா என்று அக்காவைக் கேள் என்றா.

5 லீற்றர். தண்ணீரை முதல் நாள் கொதிக்க வைத்து இறுத்தேன், பானையின் அடியில் கையால் வழித்தெடுக்கிற அளவுக்கு வெள்ளை படிந்திருந்தது, இத்தனை நாள் இதைத்தான் குடித்தோமா என்று அப்பா பார்த்துக்கொண்டு நின்றார். 300 கிராம் சீனி, 100 கிராம் பனங்கட்டி தனியாகத் தெளிய வைத்தது, 200 கிராம் இஞ்சி பாதிப் பாதி, தேசிக்காய் ஐந்து. லக்டோமீட்டர் ஒழுங்கையில் மாடு வளர்க்கிற மாமாவிடம் இரவல். தொடக்கம் 31. உறை விட்டு ஒரு பகல் துணியால் மூடி வைத்தேன், மாலை 30 ஆனதும் போத்தலில் அடைத்தேன். அடுத்த நாள் மதியமே போத்தல் கல்லுப் போல இறுகிவிட்டது, பயந்து ஒன்றைத் திறந்து பார்த்தால் 26. உடனே எல்லாம் பிரிட்ஜுக்குள். அரை வீதத்தைக் கொஞ்சம் தாண்டியிருக்கும், அடுத்த முறை 27இல் பிடிக்க வேண்டும், அதற்கு மதியம் வரை காத்திருக்காமல் காலையிலேயே பார்க்க வேண்டும்.

சுவை பற்றி எழுதாமல் இருக்க முடியாது. முதலில் தேசிக்காய், பிறகு இஞ்சி, கடைசியில் பனங்கட்டியின் அந்தப் புகைந்த இனிப்பு கொஞ்ச நேரம் நாக்கில் நிற்கிறது, மாசியில் நான் தேடியது அதுதான். உப்பு எங்கே என்று தெரியவில்லை, ஆனால் உப்புப் போடாத ஒரு போத்தலையும் ஒப்பிடுவதற்காக எடுத்து வைத்திருந்தேன், அதைக் குடித்தால் ஏதோ குறைகிறது. மல்லி அளவு சரி. அம்மா முழுக் கிளாசையும் குடித்துவிட்டு, மத்தியானம் வெயிலில் சந்தைக்குப் போய் வந்தால் இதுதான் வேண்டும் என்றா. வேப்பம்பூ வடகத்துக்கு வைத்தது கொஞ்சம் கிடந்தது, வேலணை அக்கா சொன்னபடி வறுத்து ஊறவைத்து அப்பாவின் கிளாசில் ஒரு தேக்கரண்டி விட்டேன். அவருக்கு அது மிகவும் பிடித்துப் போய்விட்டது, எனக்கு இரண்டாவது கிளாசில்தான் பிடித்தது.

அக்காவிடம் க்வைக் சொல்லியாகிவிட்டது, பிள்ளைகள் விடயம் வந்து குடித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்கிறா. அவ வந்ததும் இதே அளவில் 5 லீற்றர் உறையிலும் 5 லீற்றர் க்வைக்கிலும் போட்டு, நேரமும் எண்ணும் குறித்து இங்கே எழுதுகிறேன். அதற்கு முன்னால் ஆனி முடிவதற்குள் நன்னாரி ஒரு தடவை. ரீச்சர், 5 லீற்றருக்கு வேர் எத்தனை கிராம் போடலாம்?


கிணற்றடி ரீச்சர்:

காய்ந்த வேர் 40 கிராம், இடித்து. மணம் மங்கலாக இருந்தால் பழைய சரக்கு, வேறு கடையில் வாங்குங்கள். உப்பு இதற்கு வேண்டாம்.